இலை எந்த நொடியில் சிவந்தது? இணையப் பல்லூடக ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு என் அனுபவம்

குன்னூரில் தேயிலை பாக்டரிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். முதுகலை இறுதியாண்டில் இணையத்தில் ஊடாடும் பல்லூடகம் என்று தலைப்பு கிடைத்ததும், படம்பிடிக்க வேறெதையும் தேடவில்லை. பச்சை இலை உள்ளே வந்து தூளாக வெளியே போகும்வரை எடுத்துவிடலாம். பார்ப்பவர் திரையில் தொட்ட இடத்துக்கு விளக்கம் வரும்படி செய்துவிடலாம் என்பது திட்டம்.

மூன்று மாதம் பொத்தான், மெனு, அசைவு என்று செய்து முதல் ரிவ்யூவுக்குக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு ஒரு சார், "நல்லாயிருக்கும்மா, இதுல ஆராய்ச்சி எது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்தத் துறையில் உருவாக்குவது, குறிப்பது, காட்டுவது என்று மூன்று வேலை உண்டு. முதலும் கடைசியும் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் ஆய்வுக் கேள்வி பிறப்பது நடு வேலையில். எந்த நொடியில் என்ன நடக்கிறது, அதைச் சொல்வது யார், இன்னொருவர் பார்த்தால் அதையே சொல்வாரா? அங்கே நேரத்தைக் கொட்டுங்கள்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். விளக்க எழுத்துகளைக் காணொளிக்குள்ளேயே பதித்துவிட்டேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னபோது மொத்தப் படத்தையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டியதாயிற்று. பழைய கம்ப்யூட்டர், மழைக்காலம், அடிக்கடி கரண்ட் போகும். இரண்டு வாரம் போய்விட்டது. குறிப்பு எப்போதும் தனிக் கோப்பில் இருக்கட்டும். இணையக் காணொளிக்குச் சப்டைட்டில், குறிப்பு தரும் வெப்விடிடி என்பது வெறும் உரைக்கோப்புதான்: தொடங்கும் நேரம், முடியும் நேரம், கீழே உங்கள் குறிப்பு. நோட்பேடில் திறந்து திருத்தலாம். வழக்கமான எஸ்ஆர்டி சப்டைட்டிலில் மில்லிநொடிக்கு முன் காற்புள்ளி வரும், இதில் புள்ளி வரவேண்டும். அந்த ஒரு புள்ளியால் குறிப்பு திரையில் வராமல் ஓர் இரவு முழுக்கத் தேடியிருக்கிறேன்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். சிடிசி இயந்திரத்தில் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுவது) அரைபட்ட இலை பரப்பி வைக்கப்பட்டுப் பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். பாக்டரியில் இதைப் பெர்மென்டிங் என்பார்கள். உண்மையில் இதில் கிருமி எதுவும் வேலை செய்வதில்லை, இலையிலுள்ள நொதியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் செய்கிற வேலை. குளிர் அதிகமானால் மெதுவாகும். எந்தக் கட்டத்தில் நிறுத்தி டிரையருக்குத் தள்ளவேண்டும் என்பதை டீ மேக்கர் முடிவு செய்வார். அந்த முடிவு எந்த நொடியில் வருகிறது என்பதைக் குறிப்பதே என் ஆய்வு.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி இலைக்கு நேராக ஒரு மணி நேரம் எடுத்தேன். முதல் பதிவு முழுக்க வீண். ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு, ஆட்டோவில் இருந்தது. இலை சிவக்கச் சிவக்கக் கேமரா தானாகவே நிறத்தைச் சமன் செய்துகொண்டே போயிருக்கிறது. நிறத்தை ஆராய்கிறவர்கள் அதையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) பூட்டிவிட்டு, ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள்.

இரண்டாவது பதிவில்தான் விஷயம் கிடைத்தது. அன்று டீ மேக்கர் ஐயா கை நிறைய இலையை அள்ளி முகர்ந்து, "ஆச்சு, தள்ளுங்க" என்றார். அந்தக் குரல் பதிவில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, சத்தத்தை நிறுத்திவிட்டு அதே காணொளியைக் காட்டி எங்கே ஆச்சு என்று கேட்டேன். நேரில் சொன்னதைவிட ஆறு நிமிடம் தள்ளிக் குறித்தார். அதே ஆள், அதே இலை. திரையில் வாசனை இல்லை! அந்த ஆறு நிமிடம்தான் என் ஆய்வறிக்கை. நேரில் சொன்னது ஓர் அடுக்கு, திரை பார்த்துச் சொன்னது ஓர் அடுக்கு, நான் குறித்தது மூன்றாவது அடுக்கு என்று, காணொளியில் நேரப்படி குறிப்பு எழுத உதவும் ஈலான் மென்பொருளில் வைத்தேன். நெதர்லாந்தின் நைமேகனிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இலவசமாகத் தருவது அது.

ஒரே காணொளியை இருவர் குறித்தால், அந்த இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நிச்சயம் கேட்பார்கள். வெறும் சதவீதம் சொன்னால் எடுபடாது. காணொளியை நூறு துண்டாக்கிக் குறித்ததில் 80 ஒத்துப்போனாலும், குருட்டாம்போக்கில் குறித்திருந்தாலே 50 ஒத்துப்போயிருக்கும் என்றால், உண்மையில் நாம் சம்பாதித்தது 30, சம்பாதிக்க வாய்ப்பிருந்தது 50. 30-ஐ 50-ஆல் வகுத்தால் 0.6. ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா அளவு இதுதான். கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், வைவாவில் தடுமாற மாட்டீர்கள்.

படிக்க எங்கே தொடங்குவது? துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். 1994-இல் வந்த ஆம்ஸ்டர்டாம் ஹைப்பர்மீடியா மாதிரி, நேரத்தையும் இணைப்பையும் ஒன்றாக எப்படி எண்ணுவது என்று காட்டுகிறது. இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி-யின் ஸ்மில், அதாவது படம், ஒலி, எழுத்தை நேரப்படி சேர்த்துக் காட்டும் மொழி, 1998-இல் வந்தது. காணொளியின் ஒரு பகுதிக்கு மட்டும் முகவரி தரும் முறை 2012-இலும், குறிப்புகளுக்கான பொதுத் தரவு மாதிரி 2017-இலும் டபிள்யூ3சி பரிந்துரையாயின. கடைசி இரண்டையும் மூலத்திலேயே படியுங்கள்.

தமிழில் குறிப்பு எழுதுபவர்கள் ஒன்றில் கவனமாக இருக்கவேண்டும். "கொ" பார்வைக்கு ஓரெழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது இரண்டு குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவும் இருக்கலாம். ஐயா பேச்சைத் தட்டச்சு செய்து, இத்தனையாவது எழுத்திலிருந்து என்று எண்ணிக் குறித்தபோது பாதிக் குறிப்புகள் பக்கத்துச் சொல்லில் போய் ஒட்டிக்கொண்டன. உரையை என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே மாதிரி ஆக்குவது) மாற்றிவிட்டு, எண்ணிக்கையை விட்டுச் சொல்லையும் அதன் முன்பின் சொற்களையும் கொண்டு குறிக்கும் முறைக்கு மாறினேன்.

காட்டும் பகுதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைத்தானோடு வரும் எளிய சர்வரில் காணொளியின் நடுப்பகுதிக்குத் தாவ முடியாது, கோப்பைத் துண்டாகக் கேட்கும் வசதி அதில் இல்லை. உங்கள் நிரலில் பிழை என்று நினைத்து அலையாதீர்கள். கீஃப்ரேம்களை (காணொளியில் முழுதாகச் சேமிக்கப்படும் படங்கள்) ஒரு நொடிக்கு ஒன்றாக வையுங்கள், தாவல் வேகமாகும். அப்புறம், பாக்டரி மேனேஜர் அனுமதி தந்துவிட்டால் போதாது. முகம் தெரிகிற ஒவ்வொரு அக்காவிடமும் தனியாகக் கேளுங்கள். என் பதிவில் ஒருவர் வேண்டாம் என்றார், அந்தப் பகுதியை நீக்கிவிட்டேன்.

சமர்ப்பிப்பதற்கு முன் ஐயா வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துப்போய் முழுவதையும் காட்டினேன். தன் குரல் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "நான் முகர்ந்தப்பவே தெரிஞ்சுபோச்சு பாப்பா, சொன்னது அப்புறம்தான். கொஞ்சம் முன்னாடி வை" என்றார். கை இலையோடு மூக்குக்குப் போன நொடியைத் தேடினோம். நான்கு நொடி முன்னால் இருந்தது. அங்கேயே கோப்பைத் திறந்து எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன். இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஆங், இது சரி" என்றார்.