திட்டு வாங்கிய பிறகு வரும் அரை மணி நேரம்

பத்துப் பேர் முன்னால் ஒருவர் திட்டு வாங்குகிறார். தவறு சின்னதுதான்: போன மாதக் கணக்கு ஒன்று இந்த மாத அட்டவணையில் ஏறிவிட்டது. இருக்கைக்குத் திரும்பியதும் கையோடு திருத்திவிடலாம் என்று அட்டவணையைத் திறக்கிறார். கண் ஒரே வரியில் நாலு முறை ஓடுகிறது. எண் மனதில் நிற்கவில்லை. திருத்தி அனுப்பியதில் முன்பு இல்லாத புதுத் தவறு. ‘இவ்வளவு சொல்லியும் இப்படியா?’ என்று மறுபடி ஒரு திட்டு.

பணியிடங்களில் அடிக்கடி நடப்பது இது. அக்கறை இல்லை, திமிர் என்று சுலபமாகப் பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர் உடம்பில் எது எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அதட்டல் காதில் விழுந்த சில நொடிகளில், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அட்ரினலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்காது; இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகிவிடும். படபடப்பு அடங்கியதும் ‘சரியாகிவிட்டேன்’ என்று தோன்றும். ஏமாறுவது இந்த இடத்தில்தான். பின்னாலேயே இரண்டாவது அலை வந்துகொண்டிருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்லி, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரந்து உச்சத்துக்கு வரச் சுமார் 20 முதல் 30 நிமிடம் ஆகும். பழைய நிலைக்கு இறங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஆக, அவர் அட்டவணையோடு மல்லுக்கட்டும் நேரமும் கார்ட்டிசால் ஏறும் நேரமும் ஒன்றே.

நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணிதான் எண்களை மனதில் ஏந்தி வைக்கும் இடம். நல்ல நாளிலேயே அது ஒரே சமயத்தில் நாலு விஷயங்களைத்தான் ஏந்தும். நரம்புச் செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் ரசாயனங்களான நார்அட்ரினலினும் டோபமினும் அங்கே அளவாக இருந்தால் வேலை கூர்மையாகும். அளவு மீறினால் அங்குள்ள நரம்புச் செல்களுக்கு இடையிலான தொடர்பே தளர்ந்துவிடும். யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் இதைப் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பழகிய வேலை அப்போதும் ஓடும், கை தானாகத் தட்டச்சு செய்யும். புதிதாக யோசித்துத் திருத்த வேண்டிய வேலைதான் தடுமாறும். மூளையை உணர்ச்சி ‘கடத்திக்கொண்டு போய்விடுகிறது’ என்பார்கள். அந்த உவமை எனக்கு உடன்பாடில்லை. மூளை எங்கேயும் போவதில்லை. ஒரு பகுதியின் பிடி கொஞ்ச நேரம் தளர்கிறது, அவ்வளவே.

கார்ட்டிசாலை ஆய்வகத்தில் ஏற்றிக் காட்ட 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை வகுத்தார்கள். ஊசியும் இல்லை, மின் அதிர்ச்சியும் இல்லை. முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத ஒரு குழுவின் முன் நின்று ஐந்து நிமிடம் வேலைக்கான நேர்காணல் போலப் பேச வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் 1022இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்: 1009, 996, 983. தப்பினால் மறுபடி 1022. இது போதும், கார்ட்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியது. இதுபோன்ற 208 ஆய்வுகளை உளவியலாளர்கள் டிக்கர்சனும் கெமனியும் 2004இல் சேர்த்துப் பார்த்தபோது, அதிகமாக ஏற்றிவிடுபவை எவை என்று தெரிந்தது: பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்பதும், நம் கையில் எதுவும் இல்லை என்பதும். நாலு பேர் முன்னால் விழும் திட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இதைவிட வருத்தமான ஒன்று உண்டு. அதே ஹார்மோன்கள், மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா வழியாக, நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸுக்கு ‘இதை விடாதே’ என்று சொல்கின்றன. பதிவது எது? திட்டியவரின் முகம், குரல், பக்கத்தில் இருந்தவர் தலைகுனிந்தது. எந்தக் கட்டத்தில் எந்த எண் தவறு என்பது பதியாமல் போய்விடும். திட்டு பல வருடம் நினைவிருக்கும், திருத்தம் மறுநாளே மறந்திருக்கும். திருத்தத்தான் சொன்னோம் என்றால், சொன்ன முறையே அதைக் கெடுத்துவிட்டது.

அதனால் பயிற்சிகளில் மேலாளர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது தனி அறை. அடுத்து, ஒரு தடவைக்கு ஒரு தவறு. ஐந்தாறு குறைகளைச் சேர்த்து வைத்துக் கொட்டினால் ஏந்த இடம் இருக்காது. ‘நீங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்பது ஆளை எடைபோடுவது, ‘12ஆம் வரியில் போன மாதத் தொகை இருக்கிறது’ என்பது வேலையைச் சொல்வது. ‘எத்தனை மணிக்குள் முடியும்?’ என்று அவரையே கேட்டால் பிடி அவர் கைக்குத் திரும்பும். சொன்னதை இரண்டு வரியில் எழுதியும் கொடுக்க வேண்டும். குரல் உயர்ந்தே போய்விட்டதா? முக்கால் மணி நேரத்துக்கு எண் வேலை கொடுக்காதீர்கள். அவசரம் என்றால் இன்னொருவரை உட்காரவைத்து எண்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

திட்டு வாங்கியவருக்குச் செய்ய முடிவது மூச்சு. நாலு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு இறங்குகிறது, அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். பலர் இங்கே சறுக்குவார்கள்: பெரிய பெரிய மூச்சாக வேகவேகமாக இழுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், பதற்றம் கூடும். மூச்சு மெதுவாக இருந்தால் போதும், பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

முகத்தில் எதையும் காட்டாமல் அடக்கிக்கொள்வதும் உதவாது. அடக்கிக்கொண்டே கேட்டவர்களுக்குக் கேட்டது குறைவாகவே நினைவிருந்தது என்று உளவியலாளர்கள் ரிச்சர்ட்ஸும் கிராஸும் 2000இல் காட்டினார்கள். அதற்குப் பதில் உணர்ச்சிக்குப் பெயர் வைத்துப் பார்க்கலாம். பெயர் சொன்னபோது அமிக்டலாவின் துடிப்பு தணிந்ததை லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு 2007இல் மூளை ஸ்கேனில் பார்த்தது. ஒரு சொல் போதும்: கோபமா, அவமானமா, பயமா? பெரும்பாலும் கோபம் என்று தொடங்கி அவமானம் என்று வந்து நிற்கும். சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நடந்ததை மறுபடி மறுபடி மனதில் ஓட்டினால் உடம்பு மறுபடி சூடாகும்.

‘நாளைக் காலை பேசுவோம்’ என்று இரவு பத்து மணிக்கு அனுப்பும் குறுஞ்செய்தியையும் இதில் சேர்க்க வேண்டும். விஷயத்தைச் சொல்லாத அந்த வரி தூக்கத்தைத் தின்றுவிடும். ஓர் இரவு தூங்காதவர்களிடம், மனதை உறுத்தும் படங்களுக்கு அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியதை 2007இல் தூக்க ஆய்வாளர்கள் யூவும் வாக்கரும் கண்டார்கள். காலையில் பேச வேண்டியதைக் காலையில் அழைத்துச் சொல்லிக்கொள்ளலாம். இரவே சொல்லியாக வேண்டுமென்றால் எதைப் பற்றி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: ‘12ஆம் வரித் தொகை பற்றி, பத்து நிமிட வேலை.’