நுண்குஞ்சுக்கு மூலிகைப் பொடி எதற்கு?

மேட்டூரில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தாலே டெல்டா பக்கம் மீன்குஞ்சு விசாரிப்பு ஆரம்பித்துவிடும். இப்போது அதோடு சேர்ந்து மூலிகைப் பொடி பாக்கெட்டுகளும் வர ஆரம்பித்திருக்கின்றன. பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி, இன்னும் என்னென்னவோ கலந்தது, தீவனத்தில் ஒரு கைப்பிடி சேர்த்தால் குஞ்சு சாகாது, சீக்கிரம் வளரும், இயற்கை என்பதால் கெடுதலே கிடையாது என்று விற்கிறவர் சொல்வார். மீன்குஞ்சு நர்சரி வைத்திருக்கிற நாலைந்து பேர் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள், தனித்தனியாகச் சொல்வதற்கு இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போடலாம். ஆனால் நுண்குஞ்சுக் குளத்தில் போடுவது காசைத் தண்ணீரில் கரைப்பது.

கட்லா, ரோகு, மிர்கால் எதுவாக இருந்தாலும் நாம் ஹேட்சரியில் (குஞ்சு பொரிக்கும் பண்ணையில்) இருந்து வாங்கிவரும் நுண்குஞ்சு ஆறேழு மில்லிமீட்டர்தான் இருக்கும். பொரித்து மூன்று நாள் ஆகி, வயிற்றில் இருந்த மஞ்சள் கரு தீர்ந்து, அப்போதுதான் வாய் திறந்திருக்கும். வயிறு என்று பேச்சுக்குச் சொன்னேனே தவிர, கெண்டை இனத்துக்கு வளர்ந்த பிறகும் நம்மைப் போல இரைப்பை கிடையாது, குடல் மட்டும்தான். அமிலத்தில் ஊறவைத்துச் செரிக்கிற ஏற்பாடு இல்லாத, தலைமயிர் கனத்தில் குடல் உள்ள ஒரு பிராணி அந்த வயதில் தேடுவது உயிருள்ள இரை, அதாவது தண்ணீரில் துள்ளும் மிகச் சிறிய உயிரிகளான விலங்கு மிதவைகள். நாம் தூவுகிற கடலைப் புண்ணாக்கும் தவிட்டுத் தூளும் கொஞ்சம் வாய்க்குப் போகும், பெரும்பங்கு குளத்துக்கு எருவாகப் போய் அந்த மிதவைகளை வளர்க்கும். அது தப்பில்லை, அதற்காகவும்தான் போடுகிறோம். ஆனால் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் விலை சொல்லும் மூலிகைப் பொடியும் அதே வழியில்தான் போகிறது என்பதை யோசிக்க வேண்டும்.

அந்தப் பணத்தைக் குளம் தயாரிப்பில் போடுங்கள். புவனேஸ்வரம் பக்கம் கௌசல்யாகங்காவில் இருக்கிற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சொல்லும் கணக்கு ஹெக்டேருக்கு 750 கிலோ கடலைப் புண்ணாக்கு, 200 கிலோ மாட்டுச் சாணம், 50 கிலோ சூப்பர் பாஸ்பேட். ஏக்கருக்கு என்றால் 300, 80, 20 என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஊறவைத்துக் கூழாக்கி, பாதியைக் குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பும் மீதியைப் பிரித்துப் பிரித்துப் பிறகும் கொடுப்பார்கள். 50 லிட்டர் தண்ணீரை மிதவை பிடிக்கிற மெல்லிய வலையில் வடித்தால் ஒன்றிரண்டு மில்லி மிதவையாவது அடியில் தங்க வேண்டும், அதுவரை குஞ்சு விடாதீர்கள். அப்புறம் நீர்ப்பூச்சி. முதுகைக் கீழே போட்டு நீந்துமே, அந்தப் பூச்சி ஒரே ராத்திரியில் செய்கிற சேதத்துக்கு முன்னால் நோயெல்லாம் ஒன்றுமில்லை. சோப்பும் எண்ணெயும் கலந்து மேலே ஆடை படியவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து பாதிக் குஞ்சு தேறினால் அது நல்ல அறுவடை. தொண்ணூறு சதவீதம் பிழைக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அந்தப் பாக்கெட்டை நம்பாதீர்கள்.

'செடியில் இருந்து வந்தது, அதனால் மீனுக்குக் கெடுதல் செய்யாது' என்கிற பேச்சுக்குப் பதில் நம் குளத்தங்கரையிலேயே இருக்கிறது. குஞ்சு விடுவதற்கு முன்னால் விரால், கெளுத்தி போன்ற வேண்டாத மீன்களைக் கொல்ல ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போடுகிறோமே, அதில் கொல்வது சப்போனின் என்கிற தாவரப் பொருள்தான். விஷம் இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். வேம்பும் அளவு மிஞ்சினால் மீனுக்கு விஷம்தான்.

சரி, எப்போது போடலாம்? இரண்டு வாரம் மூன்று வாரம் கழித்து ஓர் அங்குலம் வந்து, இளங்குஞ்சாக வளர்ப்புக் குளத்துக்கு மாற்றுகிறோமே, அதற்கப்புறம். அங்கிருந்து விரல் நீளம் வந்து விரலி ஆகும்வரை தினமும் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் தீவனம் கொடுக்கிறோம், குஞ்சும் அதை உண்மையாகவே தின்கிறது. சேர்க்கிற பொருள் உடம்புக்குள் போவது இந்தக் கட்டத்தில்தான்.

இதில் ஆய்வு இல்லாமல் இல்லை. ரோகு விரலிகளுக்குத் தீவனத்தில் கிலோவுக்கு 1 கிராம், 5 கிராம், 10 கிராம் என்று பூண்டு சேர்த்து 60 நாள் கொடுத்துவிட்டு, பிறகு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்கிற பாக்டீரியாவை உடம்பில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். பூண்டு தின்றவை அதிகம் பிழைத்தன. வரப்பில் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருமே நாயுருவி, அதன் விதையையும் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கட்லாவிலும் ரோகுவிலும் சோதித்தார்கள், கிலோவுக்கு 5 கிராம் அளவு வரை. அதிலும் எதிர்ப்பு சக்தி கூடியது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாடிக்குகளை மீன்வளர்ப்பில் தடை செய்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் சேர்ப்பதையே நிறுத்திய பிறகு, இந்தப் பக்கம் கவனம் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்தச் சோதனைகள் நடந்தது தொட்டியில், சுத்தமான தண்ணீரில், எண்ணி விட்ட மீனில், அளந்து போட்ட தீவனத்தில். கிடைத்த பலன் நோய் தாங்குவதில். 'சீக்கிரம் வளரும்' என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது விற்பனைப் பேச்சு. அளவையும் பாருங்கள், கிலோவுக்கு 5, 10 கிராம். சமையலில் பெருங்காயம் போடுகிற கணக்கு. கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடச் சொல்கிறவர் ஆய்வையும் படிக்கவில்லை, மீனையும் பார்க்கவில்லை.

நீங்களே செய்வதாக இருந்தால் பூண்டிலிருந்து ஆரம்பிப்பதுதான் சுலபம். பல்லை நசுக்கிப் பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள், நசுங்கினால்தான் அதில் அல்லிசின் என்கிற மருந்துச் சத்து உருவாகிறது, முழுப் பல்லை நேராகக் கொதிக்கும் கஞ்சியில் போட்டால் அதை உருவாக்கும் நொதி வெந்து போய்விடும். ஆறின கஞ்சியில் கலந்து, புண்ணாக்கும் தவிடும் சேர்த்துப் பிசைந்து, உருண்டையாகத் தட்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்குங்கள். கஞ்சி வேண்டும், வெறும் தூளில் கலந்து தூவினால் மூலிகை மட்டும் முதலில் கரைந்து போகும். மஞ்சள் சேர்ப்பதென்றால் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துச் சேருங்கள், அது தண்ணீரில் கரைகிற சரக்கு இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் புண்ணாக்கைப் பாருங்கள். பூண்டு போட்டேன் மஞ்சள் போட்டேன் என்று சொல்கிறவர் ஷெட்டில் கடலைப் புண்ணாக்கு பச்சைப் பூசணம் பூத்துக் கிடக்கிறது, தவிடு காறல் அடிக்கிறது. பூசணத்தில் வருகிற அஃப்ளடாக்சின் சாதாரண விஷயம் இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் செத்தது கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சால்தான். அதே காலத்தில் அமெரிக்க ஹேட்சரிகளில் ரெயின்போ டிரவுட் மீன்களுக்குக் கொத்துக் கொத்தாகக் கல்லீரல் புற்றுநோய் வந்தது, அங்கே பழி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் மேல் வந்து நின்றது. நம் கெண்டைகள் டிரவுட் அளவுக்கு நோஞ்சான் உடம்பு இல்லை, ஆனாலும் எதிர்ப்பு சக்திக்கு ஒரு கையில் மருந்தும் கல்லீரலுக்கு இன்னொரு கையில் நஞ்சும் கொடுப்பதில் என்ன அர்த்தம்? மழைக்காலத்தில் பத்து நாள் தேவைக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள், மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

முருங்கை இலை, அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணி) இரண்டையும் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இவை மருந்து இல்லை, புரதத்துக்காகச் சேர்ப்பவை, அதனால் கணக்கு வேறு. காய்ந்த முருங்கை இலையில் கால் பங்கு புரதம் இருக்கிறது, நல்ல சரக்குதான். ஆனால் நைல் திலேப்பியா என்கிற மீனில் செய்து 2003இல் வந்த ஒரு ஆய்வில், தீவனத்தின் மொத்தப் புரதத்தில் 10 சதவீதத்தை முருங்கையால் ஈடுகட்டியபோது வளர்ச்சி குறையவில்லை, 20, 30 என்று ஏற்றியபோது குறைந்துவிட்டது. அசோலா விஷயத்தில் ஏமாற்றுவது ஈரம். பச்சை அசோலா ஒரு கிலோவைக் காயவைத்தால் 60 கிராம் தேறும், அதில் புரதம் 15 கிராம் இருந்தால் அதிகம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராமுக்கு மேல் இருக்கிறது. புல்கெண்டை விரலி பச்சையாகவே மேயும், அதற்கு அசோலாத் தொட்டி போடுங்கள். கட்லாவுக்காகப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

சவுண்டல் இலையில் மைமோசின் என்கிற நஞ்சு இருக்கிறது, ஊறவைத்துத் தண்ணீரை வடிக்காமல் கொடுக்கக் கூடாது. பச்சைச் சோயா வேண்டாம், வறுத்தோ வேகவைத்தோ கொடுங்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைக் குஞ்சுகளுக்குத் தொடவே தொடாதீர்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் அந்தப் பாக்கெட்டை முயன்று பார்க்கத்தான் தோன்றுகிறது என்றால், மொத்தக் குளத்திலும் கொட்டாமல் ஒரே குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஹாப்பா (வலையால் ஆன கூண்டு) கட்டுங்கள், குறைந்தது நாலு. ஒரே நாளில் வந்த இளங்குஞ்சை எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் எண்ணி விட்டு, இரண்டுக்குப் பொடி கலந்தும் மற்ற இரண்டுக்குக் கலக்காமலும் அதே தீவனத்தை அதே நேரத்தில் கொடுங்கள், வலையில் பாசி அடைக்காமல் தேய்த்துக்கொண்டே இருங்கள். இரண்டு மாசம் கழித்து எண்ணி எடை போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் எந்த பாக்கெட், எவ்வளவு போட்டீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.