பழைய லேப்டாப்பில் ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாறியது

கோர் 2 டுவோ காலத்து லேப்டாப். ஓடுவது டெபியன் 12 லினக்ஸ். சாட்டா எஸ்எஸ்டி மாட்டியும், பின்னால் அப்டேட் ஓடும்போது பிரௌசர் திக்கித் திணறியது. வன்பொருளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் பார்த்தால் டிஸ்க் கன்ட்ரோலர் இன்டெல் ஐசிஹெச்9எம், ஐடி 8086:2928, பக்கத்திலேயே 'ஐடிஇ மோட்'. டிரைவர் ஏடிஏ_பிக்ஸ்.

ஐடிஇ, டிஸ்க்கோடு பேசும் பழைய முறை; ஏஹெச்சிஐ, சாட்டாவுக்கான புதிய முறை. சிப்புக்கு ஏஹெச்சிஐ தெரியும். பயாஸ்தான் அதற்குப் பழைய ஐடிஇ வேஷம் கட்டிவிட்டிருக்கிறது. அந்த வேஷத்தில் என்சிக்யூ (பல கட்டளைகளை வரிசையில் வாங்கிக்கொள்ளும் வசதி) கிடையாது, டிஸ்க்குக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் போகும். டிஸ்க்கின் (எஸ்டிஏ) வரிசை நீளத்தைச் சொல்லும் க்யூ_டெப்த் கோப்பைத் திறந்தால் உள்ளே 1.

பயாஸில் மாற்றுவது ஒரு நொடி வேலை. ஆனால் மாற்றியதும் அதே சிப்பின் ஐடி 2929 ஆகிவிடும், கர்னலும் ஏஹெச்சிஐ டிரைவரைத் தேடும். ரூட் பார்ட்டிஷனே அந்த டிஸ்க்கில் இருப்பதால், டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் (பூட்டின் தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் சின்னக் கோப்புத் தொகுப்பு) முன்கூட்டியே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பூட் ஆகாமல் பிஸிபாக்ஸ் என்ற அவசரக் கட்டளைத் திரையில் போய் நிற்கும்.

அதன் உள்ளே இருப்பதைக் காட்டும் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டி, கிரெப்பால் தேடினேன். ஏஹெச்சிஐ பெயரே இல்லை. டெபியனில் இது கொஞ்சம் விசித்திரம்; வழக்கமாக 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்பதால் எல்லா முக்கிய டிஸ்க் டிரைவர்களும் உள்ளே வந்துவிடும். இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பிலும் 'மோஸ்ட்' என்றுதான் இருந்தது. விஷயம் கான்ஃப்.டி-க்குள் இருந்த டிரைவர்-பாலிசி என்ற குட்டிக் கோப்பில். எக்ஸ்பர்ட் முறையில் நிறுவும்போது 'இந்தக் கணினிக்குத் தேவையானது மட்டும்' என்று தேர்ந்தெடுத்தால் அதில் 'டெப்' என்று எழுதப்படும், செல்லுபடியாவதும் அதுதான். அன்றைய தேவை ஏடிஏ_பிக்ஸ் மட்டும் என்பதால் ஏஹெச்சிஐ-க்கு இடமில்லை.

'டெப்'பை 'மோஸ்ட்' ஆக்கி, எல்லா கர்னல்களுக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினேன். மறுபடி தேடினால் ஏஹெச்சிஐ, லிப்ஏஹெச்சிஐ இரண்டும் இருந்தன. பார்ட்டிஷன் பட்டியலான எஃப்எஸ்டேப், யூயூஐடி என்ற மாறாத அடையாள எண்ணில் இருந்ததால் அங்கே கை வைக்கவில்லை. அப்புறம்தான் பயாஸுக்குப் போனேன்.

பூட் ஆனது. கர்னல் பதிவான டிமெசேஜில் '3.0 ஜிபிபிஎஸ்', 'என்சிக்யூ டெப்த் 32'. பெரிய கோப்பைப் படிக்கும் வேகத்தில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம், பூட் நேரமும் அப்படியே. ஆனால் அப்டேட் ஓடும்போது பிரௌசர் இப்போது உறைவதில்லை. ஒரே நேரத்தில் பல இடத்தில் படிக்க, எழுத வரும் வேலைக்குத்தான் இந்த மாற்றம் உதவும். வேறு அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

கூடுதல் வரவு, சாட்டா லிங்க்கின் மின் சேமிப்பு. ஸ்கசி_ஹோஸ்ட் கோப்பகத்தில் லிங்க்_பவர்_மேனேஜ்மென்ட்_பாலிசி என்ற கோப்பு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக இருக்கிறது. அதிகபட்சம் சேமிக்கும் 'மின்_பவர்' (மினிமம் பவர்) சில எஸ்எஸ்டி-களில் தரவையே கெடுத்திருப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. கர்னல் 4.15-ல் வந்த 'மெட்_பவர்_வித்_டிப்பம்' போதும். ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்-வுக்கு ஒரு விதி எழுதினேன். எஸ்எஸ்டி போர்ட்டுக்கு மட்டும்தான். டிவிடி டிரைவை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.