நேத்து போட்ட ப்ளக்

"நேத்துதாங்கண்ணா போட்டேன், நாலு ப்ளக்கும் புதுசு. அதை எதுக்கு மறுபடி கழட்டிக்கிட்டு?"

ஐடிலில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, குலுங்கும் காரைக் கொண்டுவந்தவரிடம், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது. அதற்கு நான் "சரிங்க" என்றேன். அந்த "சரிங்க"தான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் ப்ளக் மாற்றிய வண்டி மறுநாளே ஐடிலில் குலுங்கினால், கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் தேட வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தவர்கள் இன்ஜினின் உள்வாயுவைத் திரும்ப இழுக்கும் பிசிவி ஹோஸை மாட்ட மறந்திருப்பார்கள். இல்லையென்றால் ப்ளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் தரும் காயிலின் சாக்கெட் 'டிக்' என்று உட்காராமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சரியாகவே இருந்தன. ஸ்கேனரில் பி0302 என்ற எரர் கோட், அதாவது இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங், சரியாக எரியவில்லை. ஃப்யூயல் ட்ரிம், அதாவது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பிளஸ் 18 சதவீதம்.

பிளஸ் என்று பார்த்ததும் காற்று லீக்கைத் தேடி ஹோஸ் ஹோஸாக கார்ப் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு. எரியாத சிலிண்டரின் ஆக்ஸிஜன் அப்படியே சைலன்ஸர் பக்கம் போகும். அதை ஓ2 சென்சார் 'பெட்ரோல் போதவில்லை' என்று படிக்கும், இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவும் கூடுதலாக ஊற்றும். மிஸ்ஸிங் நிற்கும்வரை ட்ரிம்மை நம்பக் கூடாது. அதில் நான் ஏமாறவில்லை. ஏமாந்த இடம் வேறு.

2-ல் இருந்த காயிலை 4-க்கு மாற்றி, எரர் கோடை அழித்து ஸ்டார்ட் செய்தேன். பி0304 வந்தது, இப்போது நாலாம் சிலிண்டர். கோளாறு காயிலோடு நகர்கிறது, அப்படியானால் காயில் போச்சு. எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இதுதான் கணக்கு. 2-ல் புதுக் காயில் போட்டதும் குலுக்கல் நின்றது. காசும் வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் வண்டி திரும்பி வந்தது. மறுபடி பி0302.

இந்த முறை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ப்ளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில், இரும்பு அறுகோணத்துக்குச் சற்று மேலே, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. புதுக் காயிலின் பூட், அதாவது ப்ளக் மேல் மாட்டும் ரப்பர் உறை, அதற்குள் டார்ச் அடித்தால் அங்கேயும் அதே உயரத்தில் அதே கோடு.

பீங்கானில் மயிரிழை விரிசல். முனையில் பாய வேண்டிய ஸ்பார்க் பீங்கானுக்கும் ரப்பருக்கும் நடுவில் வழிந்து பாடிக்கு இறங்குகிறது. இறங்க இறங்க ரப்பர் கருகுகிறது. கருகிய தடம் கரண்டைக் கடத்தும். அந்த பூட்டை நல்ல ப்ளக் மேல் மாட்டினாலும் ஸ்பார்க் பழைய தடத்திலேயே ஓடும். 4-ல் நடந்தது அதுதான். காயிலுக்கு நோயில்லை, பூட்டுக்குத் தொற்று. விரிசல் விட்ட ப்ளக் உள்ளேயே இருந்ததால் புது பூட்டும் ஒன்பது நாளில் அதே கதிக்கு ஆளானது. தடம் புதிதாக இருக்கும்போது மேம்பாலம் ஏறி இன்ஜினுக்குச் சுமை கூடினால்தான் வெட்டி வெட்டி இழுக்கும். ஐடிலிலேயே குலுங்கினால் நன்றாக ஊறிவிட்டது என்று அர்த்தம்.

காயிலை 4-க்கும் ப்ளக்கை 3-க்கும் பிரித்து மாற்றியிருந்தால் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும். எரர் கோட் 4-க்குப் போனாலும், கழற்றிய ப்ளக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

அன்றைக்கு இன்ஜின் சூடாக இருந்தது. அலுமினிய ஹெட், சூட்டில் ப்ளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். கழற்றாமல் விட்டது சரிதான் என்று நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் பூட்டுக்குள் டார்ச் அடிக்க இன்ஜின் ஆற வேண்டியதில்லையே. காயில் கையில்தான் இருந்தது. அவர் 'புதுசு' என்றார், நான் புதுசை நல்லது என்று எடுத்துக்கொண்டேன். சூடு நான் அப்புறம் தேடிப் பிடித்த காரணமாகவும் இருக்கலாம்.

"போடுறப்ப ப்ளக் எதுவும் கீழ விழுந்துச்சுங்களா?" என்று இரண்டாம் முறைதான் கேட்டேன்.

"விழலைங்கண்ணா… ஒண்ணு மட்டும் உருண்டுச்சு."

உருண்டதில் விரிசல் விட்டதா, ராட்செட்டைச் சாய்த்து இறுக்கியதில் விரிசல் விட்டதா தெரியாது. வாஷர் வைத்த 14 எம்எம் ப்ளக்கைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு அரைச் சுற்று இறுக்கினால் போதும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு இருந்தால் 25 நியூட்டன் மீட்டர். எக்ஸ்டென்ஷனைக் குழிக்குள் நேராகப் பிடிக்க வேண்டும். உருண்ட ப்ளக்கை, முனை இடைவெளியான கேப் 1.1 எம்எம்-லிருந்து 0.8-க்கு அடங்கியிருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டு மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தூக்கிப் போட்டுவிடுவதே மேல்.

புது ப்ளக், புது பூட், உள்விளிம்பில் மெல்லிசாக, கரண்டைக் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ். அதற்குக் காசு வாங்கவில்லை. காயில் காசைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

பழைய காயில் ட்ராயரில் கிடக்கிறது. பூட்டை மட்டும் மாற்றி ஒரு வண்டியில் மாட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை.