சலசல, குபுகுபு, இழும்

ஜூன் மாதம் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்து சானலில் தண்ணீர் வந்துவிட்டால், எங்கள் நாஞ்சில் நாட்டில் வயல்காரர் பலருக்கு எட்டிப் பார்க்கவே வேண்டாம், காதே சொல்லிவிடும். சலசலவென்று கேட்டால் வரத்து இன்னும் கணுக்கால் அளவுதான், கல்லில் உரசிக்கொண்டு வருகிறது. வரத்து கூடக்கூட அந்தச் சத்தம் அடங்கிவிடும். நிறைகுடம் தளும்பாது என்பது சானலுக்கும் பொருந்தும். மடையைத் திறந்துவிட்டால் அப்புறம் குபுகுபுதான்.

‘களக் களக்’ என்று ஒரு சத்தம் உண்டு, அதைக் கேட்டால் தாத்தா நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிடுவார். “தண்ணி நண்டு வளையில இறங்குது மக்களே.” வளையைப் புல் மூடியிருக்கும், கண்ணால் தேடினால் கிடைக்காது. காதை வைத்தே இடத்தைப் பிடித்து, சேற்றை வைக்கோலோடு பிசைந்து திணித்து, சத்தம் நிற்கும்வரை குதிகாலால் மிதிப்பார்.

தண்ணீரில் மாட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழிகள் அதிர்வதால்தான் இந்தச் சத்தங்கள் பெரும்பாலும் வருகின்றன. குமிழி சின்னதென்றால் ஒலி கீச்சென்று இருக்கும், பெரிதென்றால் கனக்கும். சலசல என்று சொல்லும்போது ஒலி நாக்கு நுனியிலேயே துள்ளுகிறது, குபுகுபு என்றால் உதடு குவிந்து கனத்துவிடுகிறது. காது கொடுத்துக் கேட்டவர்கள் வைத்த சொற்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிறது, ஆனால் தொட்டியில் உரசக் கல் கிடையாது, அதனால் பக்கத்தில் நடந்தாலும் பெரிதாக எதுவும் கேட்காது. மழைக்காலத்துத் திற்பரப்பு அருவி நேர் எதிர். ஒரே இரைச்சல், பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘இழும்’. திருமுருகாற்றுப்படையின் முடிவில் பழமுதிர்சோலை அருவி ‘இழுமென’ இறங்குகிறது. ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ழகரத்தில் தண்ணீர் பாறையை ஒட்டி வழுக்கிக்கொண்டு வரும். இந்தச் சொல் பேச்சிலிருந்து போய்விட்டது பெரிய இழப்பு.

பள்ளியில் சலசல என்பது இரட்டைக்கிளவிக்கு ஓர் எடுத்துக்காட்டு, இரண்டு மதிப்பெண், அதோடு சரி. சானலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஒரு நாளாவது அந்த வகுப்பைக் கரையில் வைத்து நடத்தலாமே.