பயோனெட்டுக்கு முன்னால வாளோட நின்னா

எங்க பக்கம் கோயில் கொடைக்கு கட்டபொம்மன் நாடகம் போட்டா சண்டை சீன் மட்டும் எந்த ஊர்லயும் மாறாது. கட்டபொம்மன் வாளைத் தலைக்கு மேல தூக்கி ஒரு சுத்து சுத்துவாரு, பயோனெட் (துப்பாக்கி முனையில சொருகுற குத்துக்கத்தி) மாட்டுன துப்பாக்கியோட நிக்கிற நாலு சிப்பாயும் மல்லாக்க விழுவானுவ. விசில் பறக்கும். கம்பு பழக ஆரம்பிச்ச பொறவு அதைப் பாத்தா எனக்கு சிரிப்பாணி தாங்கல, ஏன்னா பயோனெட்காரன் முன்னால வாளை அப்படி ஓங்குனா அது இறங்குறதுக்குள்ள விலாவுல முனை ஏறிரும்.

நீளத்தை வச்சே சொல்லிரலாம். கம்பெனிப் பட்டாளம் தூக்கிட்டு அலைஞ்ச பிரவுன் பெஸ் துப்பாக்கியில இந்தியா பேட்டர்ன்னு ஒண்ணு, குழல் மட்டும் 39 இஞ்ச், அதுல 17 இஞ்ச் பயோனெட்டை மாட்டுனா மொத்தமா ஆறடி கிட்ட வந்துரும், நம்ம சிலம்பக் கம்பை விடக் கொஞ்சம் கூடவே இருக்கும். அதே காலத்து இங்கிலீஷ் சேபர், 1796 மாடல் குதிரைப்படை வாளு, அலகு 33 இஞ்ச் சுமாருக்குத்தான். அப்ப நாம எட்டுறதுக்கு முந்தியே அவன் எட்டிருவான். போதாததுக்கு அவன் துப்பாக்கி நாலரை கிலோ, ரெண்டு கையும் உடம்பும் சேத்துத் தள்ளுதான், இங்க ஒத்தக் கையில ஒரு கிலோ இரும்பு. (துப்பாக்கியில குண்டு இருந்தா இந்தப் பேச்சே வேண்டாம், அது வேற விசயம்.)

அதுக்காக வாள்காரன் செத்தான்னு இல்ல. பயோனெட்காரனுக்கு இருக்கது ஒத்த முனை, அதுக்குப் பின்னால அஞ்சடிக்கும் வெட்டுற விளிம்பே கிடையாது. முனையைத் தாண்டி உள்ள போயிட்டா அவ்வளவு நீளமும் அவனுக்குத்தான் பாரம். எப்படித் தாண்டுறதுங்கதுதான் கேள்வி. இங்கிலாந்துல 1880ல ஜான் மஸ்கிரேவ் வெயிட்டுன்னு ஒரு வாள் வாத்தியார் சேபருக்கும் பயோனெட்டுக்கும் தனியாவே பாடம் எழுதியிருக்காரு, ராணுவ டோர்னமெண்ட்ல வாளா பயோனெட்டான்னு போட்டியே நடத்தியிருக்காவ, குத்துனா உள்ள அமுங்குற ஸ்பிரிங் பயோனெட் வச்சு.

நாங்க செஞ்சு பாத்தது சாயங்காலம் பாளையங்கோட்டை பக்கம் கிரவுண்டுல. கூட்டாளி கையில நெடுங்கம்பு, முனையில டென்னிஸ் பந்தை ஓட்டை போட்டு சொருகி துணி சுத்துனது. என் கையில பிரம்பு. தலையில ஹெல்மெட், கையில கிரிக்கெட் கிளவுஸ். பந்து மண்ணுல உருண்டு கிடந்ததால குத்து விழுந்த இடமெல்லாம் சட்டையில வட்ட வட்டமா செம்மண் ஒட்டிக்கிடும், எண்ணவே வேண்டாம், சட்டையைப் பாத்தா போதும். பாதி வட்டம் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல.

ஆசான் கல்லுல உக்காந்து பாத்துட்டே இருந்தவரு, "ஏலே, முனையவே என்னத்த முறைச்சிட்டு நிக்க, அவன் முன்னங்கால் முட்டைப் பாருலே" அப்படின்னாரு. சரியாத்தான் சொன்னாரு. ஆறடி ஆயுதத்தை வேகமா முன்னால விடணும்னா முட்டு முதல்ல மடங்கணும், முனை அதுக்குப் பொறவுதான் கிளம்பும், வெறும் பொய்க்குத்துன்னா கை மட்டும் ஆடும், முட்டு அசையாது.

தடுக்கது எங்கன்னா, வாளோட கைப்பிடியை ஒட்டி இருக்க ஒரு சாண் அலகுல. நுனிப்பக்கம் வச்சு தட்டுனா துப்பாக்கியோட கனம் வாளைத் தள்ளிக்கிட்டே வந்துரும். அதே மாதிரி கையை அகலமா வீசித் தட்டவும் கூடாது, நல்ல கைக்காரன் நீங்க வீசுற வரைக்கும் காத்திருந்து முனையை வாளுக்கு அடியில சின்ன வட்டமா எடுத்து மறுபக்கம் விட்டுருவான். ஒரு முழம் தள்ளணும்னு இல்ல, முனை நம்ம உடம்பை விட்டு விலகுனா போதும். நேரா பின்னால போறது வேலைக்காகாது, அவன் இன்னொரு எட்டு வச்சிருவான். எனக்கு ஒத்து வந்தது, துப்பாக்கியை இடப்பக்கமா ஒதுக்கிட்டே வலது காலை வலப்பக்கம் சாய்வா முன்னால வைக்கது, அப்படிப் போனா நாம அவனோட முன்கைக்கு வெளிய நிப்போம், துப்பாக்கிக் கட்டையைச் சுழட்டி அடிக்கவும் அவனுக்கு லேசுல முடியாது.

அடுத்த நொடியே இடது கை குழலைப் பிடிக்கணும். பயோனெட்டை இல்ல, அதுக்குப் பின்னால. அந்தக் காலத்து முக்கோண பயோனெட்டுக்கு கூர் விளிம்பு கிடையாது, பிடிச்சாலும் கை அறுபடாது, ஆனா பொறவு வந்த வாள் பயோனெட்டுல விரல் போயிரும். பத்து ரவுண்டு சுட்ட குழலா இருந்தா கை பொத்துப் போகும், ஆனா குத்து வாங்குறதுக்கு அது தேவலை. பிடிச்சு கீழ இழுத்துக்கிட்டே வெட்டணும், வெட்டுற இடம் தலைன்னு ஆசைப்படாம அவனோட முன்கை. அந்தக் கைக்கு பாதுகாப்பே இல்ல, வாளுக்காவது கைக்கூடு இருக்கு. சொல்லப்போனா உள்ள போறதுக்கு முந்தியே தூரத்துல இருந்து எட்டுற ஒரே இடமும் அந்தக் கையோட விரல்தான்.

இதுல நம்ம சிலம்பப் பையனுவளுக்கு ஒரு வசதி இருக்குங்கது என் கருத்து. சேபர் பழகுனவன் வலது காலை முன்னால வச்சு இடது கையை இடுப்புல ஒதுக்கியே பழகிருப்பான், போட்டியில அந்தக் கையால பிடிக்கவும் விட மாட்டாவ. நமக்கு கால் மாத்துறதும் ரெண்டு கையும் வேலை செய்யுறதும் முதல் நாள்ல இருந்தே பாடம்.

ஆனா இதெல்லாம் ஒத்தைக்கு ஒத்தைதான். பக்கத்துப் பக்கத்துல வரிசையா நிக்கிறவன்கிட்ட இந்த வித்தை எடுபடாது, ஒருத்தன் குழலைப் பிடிச்ச நேரம் பக்கத்தவன் குத்திருவான். 1746ல ஸ்காட்லாந்து கல்லோடன் சண்டைக்கு முந்தி இங்கிலீஷ்காரன் சிப்பாய்க்கு சொல்லிக் கொடுத்ததே அதான், எதிர்ல வர்றவனைக் குத்தாத, வலப்பக்கம் வர்றவனைக் குத்து, அவன் வாளை ஓங்குன கைக்கு அடியில கேடயம் இருக்காதுன்னு.

பாஞ்சாலங்குறிச்சிக்காரன் இதுக்கு கண்டுபிடிச்ச பதில் வாளே இல்ல. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயிலை உடைச்சு வந்து கோட்டையைத் திரும்பக் கட்டின பொறவு, 1801 மார்ச் 31ல கம்பெனிப் படை ஏறி வந்துச்சு. சுவர் மேல தலை காட்டுனவனை எல்லாம் உள்ள இருந்து நீள ஈட்டியால குத்தித் தள்ளுனாவ, அன்னைக்கு படை திரும்பித்தான் போச்சு. அந்தச் சண்டையில இருந்த வெல்ஷ்ங்கிற வெள்ளைக்கார ஆபீசரே இதை எழுதி வச்சிருக்காரு. பயோனெட்டை விட நீளமா ஒண்ணு, அவ்வளவுதான். பீரங்கியும் கூடுதல் படையும் வந்து மே 24ல கோட்டை விழுந்தது தனிக்கதை.

அந்த ஈட்டியையும் செஞ்சு பாத்துரலாம்னு ஆசான்கிட்ட, மூணு ஆள் உயரத்துக்கு நேரா ஒரு மூங்கில் எங்க கிடைக்கும்னு கேட்டேன். "தென்காசிப் பக்கம் கிடைக்கும்லே, பஸ்ல எங்கன வச்சு கொண்டாருவ?"ன்னாரு. யாருகிட்டயாவது லோடு ஆட்டோ இருந்தா சொல்லுங்க.