திரைக்கு இந்தப் பக்கம்

இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்து மண்டூரில் பிறந்த பிள்ளைக்குத் திரை புதிதில்லை. எங்கள் ஊர் முருகன் கோயிலில் கருவறையை எப்போதும் திரை மூடியிருக்கும். பூசகரான கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார். மந்திரச் சத்தம் கிடையாது, மணிச்சத்தம் மட்டும் வரும். கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வருவார், நாங்கள் திருநீறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். ஆறேழு வயதில் அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

“உள்ளுக்குள்ள என்ன இருக்கு அம்மம்மா?”

“சாமி இருக்கார்.”

“நீங்க கண்டீங்களா?”

“நான் என்னத்துக்குக் காண? அவர் என்னைக் கண்டாப் போதும்.”

எங்கள் கோயிலுக்குச் சின்னக் கதிர்காமம் என்று பெயர். யாழ்ப்பாணத்தார் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியைத்தான் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. தெற்கே காட்டுக்கு அப்பால் இருக்கிற பெரிய கதிர்காமத்துக்கு அம்மம்மா இளவயதில் இரண்டு தடவை நடந்து போனவர். போர்க்காலத்தில் அவரால் அந்தப் பாதையில் நடக்க முடியவில்லை. போர் முடிந்து பாதை திறந்தபோது அவருக்கு முழங்கால் போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்துவிட்டு வந்த பேத்திதான் மிச்சம். “நீ போ. எனக்கும் சேர்த்து நட” என்றார். நானும் ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வேண்டுதல் பாதி, ஆராய்ச்சி பாதி என்று மனசுக்குள் ஒரு கணக்கு. நேர்த்திக்குக் கிளம்புகிறவர் யாரும் அப்படிக் கணக்குப் போடமாட்டார்கள் என்று அப்போது தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கூட்டம் திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கரையோரமாகவே இறங்கி வரும். வழியில் ஒவ்வொரு ஊரும் தன் ஆட்களைச் சேர்த்துவிடும். நாங்கள் சேர்ந்துகொண்ட கூட்டத்தின் முன்னால் வேல் தாங்கிய ஒரு பெரியவர் நடந்தார், எல்லோருக்கும் அவர் வேல்சாமி. பொத்துவில் தாண்டி உகந்தை வரைக்கும் ரோட்டில் நடக்கலாம். உகந்தை முருகன் மலையடியில் தங்கி, அதற்கப்பால் காடு. குமண, யால சரணாலயங்களுக்குள்ளால் போகிற அந்தப் பாதையை ஆடித் திருவிழாவை ஒட்டிச் சில நாட்கள்தான் திறப்பார்கள்.

காட்டு வாசலில் ஒரு மேசை, ஒரு பதிவுப் புத்தகம். பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். அதுதான் என் பெயரைக் கடைசியாக யாரும் கேட்டது. அதற்கப்புறம் ஆண்களெல்லாம் சாமி, பெண்களெல்லாம் அம்மா. பத்து வயதுப் பொடியனும் சாமிதான், ஓய்வுபெற்ற அதிபரும் சாமிதான். எனக்குக் கொப்பியை அப்போதே திறக்க வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் நான் படித்த பாடம் அப்படியே எதிரே நின்றது.

ஆர்னல்ட் வான் கெனப் 1909இல் எழுதிய நூலில் மனித வாழ்க்கையில் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குப் போகும் கடப்புச் சடங்குகளை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதலில் பழைய நிலையை விட்டுப் பிரிதல், அடுத்தது வாசற்படியில் நிற்றல், கடைசியாக புது ஆளாகத் திரும்பிச் சேருதல். நடுவில் இருக்கிற அந்த வாசற்படியைப் பிடித்துக்கொண்டவர் விக்டர் டர்னர். 1950களில் இன்றைய ஸாம்பியாவில் இண்டெம்பு மக்களோடு வாழ்ந்து அவர்களுடைய சடங்குகளைப் பார்த்தவர், பிற்காலத்தில் அதே கண்ணோடு யாத்திரைகளைப் பார்த்தார். வாசற்படியில் நிற்பவர்களுக்கு ஊரும் உத்தியோகமும் பட்டமும் உதிர்ந்து போகும், எல்லோரும் ஒரே தரத்து மனிதர்களாக நிற்பார்கள் என்றார். அந்த உறவுக்கு அவர் வைத்த பெயர் கம்யூனிட்டாஸ். சாமி, அம்மா என்கிற இரண்டே சொற்களில் எங்கள் கூட்டம் அதைச் செய்துவிட்டிருந்தது. முதல் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாம் நாள் காலையில் அடுப்புகளை எண்ணினேன்.

ஒரே வரிசையில் நடந்த கூட்டம் சமைக்க உட்கார்ந்தபோது ஆறு அடுப்பு மூட்டியது. ஊருக்கு ஒரு பானை. சில ஊருக்கு இரண்டு. கஞ்சி வாங்க ஒரு பானையடிக்குப் போனேன். அகப்பையோடு இருந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார்: “மண்டூரா மகள்? ஆர்ர மகள்? மறுகா, என்ன குடி?” மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். கல்யாணத்துக்கும் அதுதான் கணக்கு. கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடையது, யாருக்கு முதல் மரியாதை என்பதும் குடியைப் பார்த்துத்தான். 1969இலிருந்து அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். காட்டுக்குள் பெயர் உதிர்ந்தது உண்மை, குடி உதிரவில்லை. நான் சொன்ன பதிலில் அந்த அம்மாவுக்குத் திருப்தி. கஞ்சி கூடுதலாகவே கிடைத்தது. அதையும் எழுதிவைத்தேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

இந்த இடத்தில் எனக்கு ஐராவதி கார்வே ஞாபகம் வந்தார். மராட்டிய மானிடவியலாளர். ஞானேஸ்வரர் என்ற மகானின் பல்லக்கோடு பண்டரிபுரத்துக்கு, விட்டலனின் பக்தர்களான வார்கரிகளுடன் நடந்தவர். பகலெல்லாம் ஒன்றாகப் பாடி நடந்த ஒரே கூட்டத்துக்குள்ளேயே பிராமணர் தனியாகவும் மற்றவர் தனியாகவும் சமைத்துச் சாப்பிட்டதைப் பார்த்து மனம் நொந்து எழுதினார். எந்த நிலத்து மக்கள் பண்டரிபுரத்துக்கு நடக்கிறார்களோ அந்த நிலம்தான் மகாராஷ்டிரம் என்று அதே கட்டுரையில் பூரித்தும் எழுதினார். இரண்டையும் ஒரே நடையில் கண்டவர் என்பதால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். டர்னருக்கு அடுப்பு எண்ணும் பழக்கம் இருந்திருந்தால் கொஞ்சம் அடக்கி எழுதியிருப்பார்.

குமுக்கன் ஆற்றைக் கடந்தால் குமண முடிந்து யால தொடங்கும். இரு கரையிலும் வெள்ளைத் தண்டோடு பெரிய பெரிய மருத மரங்கள். சிங்களத்தில் மருதுக்குக் கும்புக் என்று பெயர், ஆற்றுக்கும் அந்தப் பெயர்தான். முழங்கால் வரை தண்ணீர். இறங்கும்போது கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கொப்பி நனைந்துவிட்டது. மூன்று நாள் எழுத்து நீலமாகக் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பக்கங்களைப் பிரித்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டு இருந்தபோதுதான் அந்த அம்மாவை அருகில் பார்த்தேன்.

அவருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். நடக்கும்போதெல்லாம் தலையை மஞ்சள் துணியால் சுற்றியிருப்பார். ஆற்றில் அதை அவிழ்த்தார். சிக்குப்பிடித்துத் திரண்டு இடுப்புக்குக் கீழே இறங்கிய ஒரே சடை, ஆலம்விழுது தடிப்பில். அதைத் தண்ணீரில் மெதுவாக அமிழ்த்தி, மஞ்சள் தேய்த்து, துணி பிழிவதுபோல இல்லாமல் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தார். நான் பார்ப்பதைக் கண்டு, “தொட்டுப் பார்க்கணுமா?” என்றார். தொட்டேன். ஈரக் கயிறுபோல இருந்தது. பாரம்.

“எப்ப விழுந்தது அம்மா?”

“என்ர மூத்தவன் இல்லாமப் போன வருசம். வெட்டப் போனன். முருகன் கனவில வந்து வெட்டாத எண்டார். இது என்ர இல்ல மகள், அவர்ர.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கிற கேள்விகள் என்னிடம் ஒரு பட்டியலாகவே இருந்தன. ஈரக் கொப்பிக்குள் அதுவும் ஒட்டிக்கிடந்தது.

கதிர்காமத்தில் இப்படிச் சடை விழுந்த பெண்களோடு வருடக்கணக்காகப் பேசி 1981இல் ஒரு நூல் எழுதினார் கணநாத் ஒபேசேகர. அவர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த மானிடவியலாளர். சடையை ஆட்டி ஆடிய ஒரு பெண்ணை அங்கே கண்டபோது தனக்குள் ஒரு பதற்றம் எழுந்ததையும், மெடூசாவின் தலை பற்றிய ஃப்ராய்டின் கட்டுரை உடனே நினைவுக்கு வந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். நூலின் பெயரிலேயே மெடூசா இருக்கிறாள். பாம்பு முடிக்காரியான அந்தக் கிரேக்கப் பெண்ணைக் குமுக்கன் ஆற்றங்கரைக்கு இழுத்து வரத்தான் வேண்டுமா என்று மாணவியாக இருந்தபோதே எனக்கு ஒரு முறைப்பு உண்டு. ஆனால் அவர் அடிப்படையாகச் சொன்னது வேறு. ஒருத்தியின் தனித் துயரம் ஊருக்குத் தெரிந்த ஓர் அடையாளத்துக்குள் போய்ச் சேர்கிறது, சேர்ந்தபின் அது வெறும் துயரமாக இருப்பதில்லை என்றார். அந்தச் சடையைக் கையில் ஏந்திப் பார்த்தபின் அதை மறுக்க எனக்கு மனமில்லை. பைத்தியம் என்று தள்ளியிருக்கக்கூடிய ஒருத்தியின் காலில் அன்று மாலை நாலைந்து பேர் விழுந்து கும்பிட்டார்கள். திருநீறு பூசி அனுப்பினார்.

நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கிப் போனோம். மணல், முள், வெயில். பவுசர் தண்ணீருக்கு வரிசை. பாலைப்பழம் பொறுக்கித் தின்றோம். யானை இலத்தி சூடாகக் கிடந்த இடத்தில் மட்டும் கூட்டம் சத்தமில்லாமல் வேகமாக நடந்தது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் இறங்கியபோது என் காலில் தோல் என்று சொல்லும்படி அதிகம் மிச்சமில்லை. குளித்து, ஈரத்தோடு தட்டு வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். வரிசையில் எனக்கு முன்னால் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு சிங்கள அம்மா. எங்கள் ஆட்கள் அரோகரா என்று குரல் எழுப்ப, அவர் கையை உயர்த்தி ‘ஹரோ ஹரா’ என்றார். அவருக்கு இது கதரகம தெய்யோ, புத்தர் இந்த இடத்துக்கு வந்தபோது அவரைக் கண்டு வணங்கிய மகாசேன அரசன் தெய்வமானவர். அதன் நினைவாகத்தான் பின்னால் கிரிவிகாரை என்ற தாதுகோபம் வெள்ளையாக நிற்கிறது என்பார்கள். தமிழ் மன்னன் எல்லாளனை வெல்ல வேண்டுமென்று சிங்கள மன்னன் துட்டகைமுனு நேர்ந்துகொண்டதும் இவரிடம்தான் என்பது அவர்கள் மரபு. அதே வாசலில் அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாடிக்கொண்டு நாங்கள். ஒரு பக்கத்தில் பள்ளிவாசல், ஹிழ்ர் நபியின் நினைவோடு முஸ்லிம்கள் வருகிறார்கள், திருவிழாக் காலத்தில் அங்கேயும் கொடி ஏறும். வள்ளி எங்கள் வீட்டுப் பெண் என்று வேடர்களுக்கு ஓர் உரிமை. வரிசையில் இடிபட்டோம், சிரித்தோம், ஆனால் ஒருவர் கதையை மற்றவர் கேட்டோம் என்று சொல்ல முடியாது.

வரிசை நகர்ந்து திரைக்கு எதிரே வந்தது. மயில்மேல் முருகனும் இரண்டு தேவியரும் எழுதிய திரை. அங்கத்துப் பூசகரான கப்புறாளை வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு எங்கள் தட்டுகளை வாங்கித் திரைக்குள்ளே போனார். மண்டூரேதான்.

டர்னரின் சமத்துவக் கூட்டத்தை மறுத்து ஜான் ஈட், மைக்கேல் சல்னோ என்ற இருவர் 1991இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். புனிதத் தலம் என்பது கிட்டத்தட்ட ஒரு வெற்றிடம், வருகிறவர்கள் ஆளுக்கொரு பொருளை அதில் கொண்டுவந்து நிரப்புகிறார்கள், அதுதான் அதன் சக்தி என்பது அவர்கள் வாதம். படித்தபோது கதிர்காமத்தை நினைத்துத்தான் தலையாட்டினேன். விக்கிரகம் வெளியே தெரிந்திருந்தால் இத்தனை பேர் தங்கள் சாமியை இங்கே கண்டிருக்க முடியுமா? கையில் வேலா, தாடி உண்டா, எந்தத் தேவி எந்தப் பக்கம் என்று முதல் நாளே வழக்கு வந்திருக்கும். ஆனால் எதிரே நின்றபோது வெற்றிடம் என்ற சொல் மட்டும் ஒட்டவில்லை. திரை போட்டது வேறு, ஒன்றும் இல்லாதது வேறு. அந்த வரிசையில் நின்ற ஒருவர்கூட உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்து நிற்கவில்லை. முன்னால் நின்ற சிங்கள அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சடை அம்மா திரையைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் கணக்குக் கேட்பதுபோல, உரத்த குரலில் மகனின் பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. நான் கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றேன். எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

இரவு பெரகரா ஊர்வலத்தில் அந்த உள்ளே இருப்பதும் வெளியே வந்தது. யந்திரம் என்கிறார்கள், பேழைக்குள் வைத்து, யானைமேல் ஏற்றி, அப்போதும் மூடித்தான். முன்னால் ஆலாத்தி எடுக்கும் பெண்கள். சிங்களவர்களும் அவர்களை ஆலாத்தி அம்மா என்றுதான் சொல்கிறார்கள். ஊர்வலம் தெருவின் மறுகோடியில் வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும். தெய்வானையம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. “மூத்தவ பக்கத்து வீட்டில இருக்கா. இவர் தினமும் இளையவளைத் தேடிப் போறார்” என்று கஞ்சி ஊற்றிய அம்மா சிரித்தார். யானை நெருங்கி வந்ததும் அதே வாயால் அழுதார்.

திரும்புகிற வழி பஸ்தான். வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்ததும் அம்மம்மா திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டார். என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன மகள் கண்டாய்?”

“திரை.”

“அது இஞ்சயும் கிடக்குத்தானே” என்றார். குசினிக்குள் போய்ச் சுடுதண்ணியில் உப்புப் போட்டு எடுத்துவந்து, என் காலை அதற்குள் வைத்தார். ஊதிப்போன கொப்பி இன்னும் மேசையில் இருக்கிறது, குமுக்கன் ஆற்று மணலோடு.